1024 வாரம் பின்தங்கிய பெட்டி

சந்தவாசல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் காலையில் இரண்டு கூட்டம் சேரும். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்று. பாவு, ஜரிகை, கூலி என்று பேசும் தறிக்காரர்கள் இன்னொன்று. நான் இரண்டாவது கூட்டத்து ஆள். தறி எனக்குத் தெரியாது. ஆனால் ஜக்கார்டு பெட்டியோடு வரும் எலக்ட்ரானிக் போர்டு படுத்துக்கொண்டாலும், வீட்டு யுபிஎஸ் கூவினாலும் என் கடைக்குத்தான் வரும்.

போன பொங்கலுக்கு அந்த டீக்கடை மேசையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தேன். சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் சின்னத் திரை, நான்கு பொத்தான், பின்னால் ஒரு ஆன்டெனா ஒயர். எதிரே உட்கார்ந்திருந்த தறிக்கார அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, டேப்பு மாதிரி கீது?” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அது என் அக்கா மகன் கொண்டுவந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கிளைடர் மன்றத்தில் சேர்ந்து பறக்கப் பழகியிருக்கிறான். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். விஞ்ச் கயிறு கட்டி இழுத்தோ, இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டியோ மேலே ஏற்றி விடுவார்கள். அதற்குப் பிறகு காற்றுதான் துணை. வெயில் ஏறியதும் படவேட்டு மலைப்பக்கம் பாருங்கள். பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே போகும். சூடான பாறையிலிருந்து எழும் காற்று அதைத் தூக்குகிறது. கிளைடர்காரனும் அதே காற்றைத் தேடி, அதே வட்டம் போட்டு ஏறுகிறான். நல்ல கிளைடர் என்றால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் வரை சறுக்கிப் போகும். இது நமக்கு அன்னியமான சங்கதி இல்லை. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி என்ற இரட்டை இருக்கைக் கிளைடர் 1961-லேயே நம் நாட்டில் பறந்தது. புனே ஹடப்சரிலும் ஐஐடி கான்பூரிலும் கிளைடர் பறந்த ஓடுபாதைகள் உண்டு.

ஓட்டியவன் தனியாளாகப் போய் 50 கிலோமீட்டர் பறந்துவிட்டு வருகிறான். போனான் என்பதற்கு யார் சாட்சி? உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பு தரும் வெள்ளிப் பதக்கத்துக்கு 50 கிலோமீட்டர் தூரம், 1000 மீட்டர் உயர ஏற்றம், ஐந்து மணி நேரம் இறங்காமல் பறத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். தங்கத்துக்கு 300 கிலோமீட்டரும் 3000 மீட்டரும். மேலே நடுவர் யாரும் கூட வருவதில்லை. அதனால் சாட்சியைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிதான் இது. பறப்புப் பதிவுக் கருவி என்று பெயர். அவர்கள் வாயில் லாகர்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் இந்தச் சாட்சி வேறு மாதிரி இருந்தது. கடிகாரம் போலச் சுற்றும் ஒரு உருளை, அதன்மேல் மெல்லிய தகடு. அந்தத் தகட்டில் புகைக்கரி படிய வைப்பார்கள். காற்றழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊசி அந்தக் கரியைக் கீறி உயரத்தைக் கோடாகப் போடும். கரி படிய வைக்க எதைக் கொளுத்துவார்கள் தெரியுமா? கற்பூரம். இதைச் சொன்னதும் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நம் வீட்டில் ஆரத்தித் தட்டில் படியும் அதே கரிதான், ஐரோப்பாவில் விமான ஓட்டியின் உயரத்துக்குச் சாட்சி சொன்னது. திரும்பும் இடத்துக்குச் சாட்சி, கேமராவில் எடுத்த போட்டோ. பிலிம் சுருளை வெட்டாமல் முழுசாகக் கழுவிக் காட்ட வேண்டும். 1990-களின் நடுவிலிருந்து இந்த இரண்டு வேலையையும் ஜிபிஎஸ் பெட்டி எடுத்துக்கொண்டது.

பெட்டி செய்வது எளிமையான வேலை. சில நொடிக்கு ஒரு தரம் ஒரு வரி எழுதுகிறது. மணி, நிமிடம், நொடி, அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம், செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிட்ட உயரம். நாலு மணி நேரம் பறந்தால் ஆயிரக்கணக்கான வரி. கோப்பின் தலையில் தேதி, கருவி எண், ஓட்டியவன் பெயர். கடைசியில் மனிதன் படித்தால் ஒன்றும் புரியாத எழுத்துக் கூட்டமாகச் சில வரிகள் இருக்கும். அதுதான் கருவியின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை அண்ணனுக்குப் புரியவைக்க அவர் தொழிலே உதவியது. முதலாளி பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுக்கிறார். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறுபடியும் தராசில் ஏறுகிறது. நடுவில் ஒரு கண்டு நூலை உருவிவிட்டு வேறு நூல் போட்டால் எடை காட்டிக் கொடுத்துவிடும். லாகரும் எழுதிய அத்தனை வரியையும் சேர்த்து, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியை வைத்து, ஒரு ‘எடை’ கணக்கிட்டுக் கடைசியில் எழுதிவிடுகிறது. எவனாவது கோப்பைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் சரிபார்க்கும் மென்பொருள் “இது செல்லாது” என்று சொல்லிவிடும். எஞ்சின் பொருத்திய கிளைடர்கள் இருக்கின்றன என்பதால், இரைச்சலை அளக்கும் மைக் கூட உள்ளே உண்டு. எஞ்சினை நடுவில் ஓட்டியிருந்தால் அந்த எண் எகிறி நிற்கும். அவ்வளவு சந்தேகக் கண்ணோடு செய்த பெட்டி.

இனி அக்கா மகனின் கதை. 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. மன்றத்தின் அலமாரியில் பல வருஷமாகக் கிடந்த இந்த லாகரை வாங்கிப் பொருத்திக்கொண்டு பறந்தான். 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே போய் இறங்கினான். கோப்பை இறக்கிப் பார்த்தால் பாதை அழகாக வந்திருக்கிறது, உயரம் சரி, நேரம் சரி. தேதி மட்டும் 2004 செப்டம்பர் 19. அன்றைக்கு இவன் சந்தவாசலில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். பதக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பார்வையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

“மாமா, பெட்டி ரிப்பேரா?” என்று கேட்டான். பெட்டி ரிப்பேர் இல்லை. அது எண்ண மறந்துவிட்டது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தேதியை நாம் சொல்வது போல நாள், மாதம், வருஷம் என்று சொல்வதில்லை. 1980 ஜனவரி 6-லிருந்து இது எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது நொடி என்று சொல்கிறது. வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பத்து பிட். அதில் 0 முதல் 1023 வரைதான் அடங்கும். அடுத்த வாரம் மறுபடி 0. ஸ்கூட்டர் மீட்டர் எல்லா ஒன்பதும் ஓடி முடிந்து சைபருக்கு வருவது போல. 1024 வாரம் என்றால் 19 வருஷம் ஏழரை மாதம். முதல் சுற்று 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் முடிந்தது. இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அடுத்தது 2038 நவம்பரில் வரும்.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நம் வருஷப் பெயர்களும் இப்படித்தானே சுற்றுகின்றன? பிரபவ முதல் அட்சய வரை அறுபது. ‘பிரபவ வருஷம் கல்யாணம்’ என்று மட்டும் ஒரு பழைய ஓலையில் இருந்தால் அது 1987-ஆ, 1927-ஆ, 1867-ஆ? வேறொரு ஆதாரம் இருந்தால்தான் சொல்ல முடியும். கல்வெட்டில் வருஷப் பெயரோடு சக ஆண்டோ ராஜாவின் ஆட்சியாண்டோ சேர்ந்திருப்பது அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல். லாகருக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில்லுக்கும் அப்படி ஒரு ஆதாரம் வேண்டும். அதைச் செய்தவர்கள் உள்ளே ஒரு அடிப்படைத் தேதியை எழுதி வைப்பார்கள்: ‘இந்தத் தேதிக்குப் பின்னால் வருகிற வாரமாக எடுத்துக்கொள்’ என்று. அந்தத் தேதியிலிருந்து 1024 வாரம் தாண்டியதும் சில்லு வழி தவறிவிடும். அதனால் எல்லாக் கருவியும் 2019 ஏப்ரலிலேயே தடுமாறியது என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொன்றும் தனக்குள் எழுதிய தேதிப்படி, முன்னே பின்னே தடுமாறும். நேற்று வரை சரியாக இருந்தது ஒரு வாரக்கடைசியில் இருபது வருஷம் பின்னால் போய் நிற்கும். 2019-ல் நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பே இந்தக் கணக்கால் நாள்கணக்கில் முடங்கிப்போனது.

ஒரு அடையாளம் சொல்கிறேன். தேதி தப்பாக வரும் கருவியில் கிழமை சரியாக வந்தால் இந்தக் கோளாறுதான். முழு வாரங்களாகத்தானே பின்னால் போகிறது, கிழமை எப்படி மாறும்? 2004 செப்டம்பர் 19-ம் ஞாயிறு. அண்ணன் தன் போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, “ஆமாம்பா, ஞாயித்துக்கெழமதான்” என்றார்.

கோப்பைத் திறந்து தேதியை மட்டும் திருத்திவிட்டால் என்ன? திருத்தலாம், கையெழுத்து உடைந்துவிடும். கோப்பு எடைக்கு வராது. இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செத்த கருவி யாரையும் ஏமாற்றாது. திரை எரியவில்லை என்றால் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போவோம். ஓடிக்கொண்டே தப்புச் சொல்லும் கருவியை நம்பித்தான் மனிதன் ஒரு நல்ல நாளை வீணாக்குகிறான். வருஷத்தில் அப்படி வெயிலும் காற்றும் கூடி வரும் நாள் சிலதுதான்.

பழைய லாகரைக் கையில் எடுத்தால் நான் எந்த வரிசையில் பார்ப்பேன் என்று அண்ணன் கேட்டார். திருப்புளியை எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று: உள்ளே இருக்கிற எல்லாக் கோப்பையும் வெளியே எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவது. இதிலேயே பாதி நாள் போகும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு சீரியல் போர்ட். இன்றைய லேப்டாப்பில் அது கிடையாது. யுஎஸ்பி-யை சீரியலாக மாற்றும் ஒயர் வாங்க வேண்டும். மலிவான ஒயர் பாதிக் கோப்பில் விட்டுவிடும். வேகத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்க வேண்டும். சில பெட்டிக்கு டாஸ் காலத்து மென்பொருள்தான். என் கடையில் தூக்கிப்போடாமல் வைத்திருந்த பழைய டெஸ்க்டாப் அன்றைக்குக் கைகொடுத்தது.

அடுத்தது கரண்ட். கிளைடரில் இருப்பது பெரும்பாலும் நம் ஊர் சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கும் அதே 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. சும்மா வைத்து மீட்டரில் தொட்டால் கிழட்டுப் பேட்டரியும் 12.6 காட்டும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டி ரேடியோவில் பேச பட்டனை அழுத்தும்போதெல்லாம் லாகர் அணைந்து எழுகிறது என்றால் லாகரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரியையும், பச்சை பூத்த கனெக்டரையும், ஃபியூஸ் பிடியையும் பாருங்கள். பாதையில் நடுநடுவே ஒரு நிமிடம் காணாமல் போகும் கோப்புகளுக்கு இதுதான் முதல் காரணம்.

பிறகு ஆன்டெனா. ஒயர் பெட்டிக்குள் நுழைகிற அந்தச் சின்னக் கனெக்டர் வருஷக்கணக்கில் கழற்றி மாட்டித் தளர்ந்திருக்கும். ஆன்டெனாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். கார்பன் இழையில் செய்த உடலுக்குள் வைத்தால் சிக்னல் நுழையாது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே, வானம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

இங்கே பலரும் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு. பல மாதம் சும்மா கிடந்த கருவியைப் போட்டவுடன் அதற்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எல்லாக் கோள்களின் அட்டவணையையும் செயற்கைக்கோள் மெதுவாகச் சொல்லும். முழுசாகச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் ‘கெட்டுப்போச்சு’ என்று மூடி வைத்த நல்ல கருவிகள் எத்தனையோ. நான் இந்தப் பெட்டியை மொட்டை மாடியில் யுபிஎஸ் பேட்டரியோடு வைத்துவிட்டு, கீழே வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். எட்டுக் கோளைப் பிடித்து வைத்திருந்தது. தேதி மட்டும் பின்னால்தான்.

உயரத்தை எப்படிச் சோதிப்பது? பெட்டிக்குள் ஒரு காற்றழுத்த உணரி இருக்கிறது. வயதானால் அதன் கணக்கு நகர்ந்துவிடும். உயரச் சாதனைக்கு அழுத்த அறையில் வைத்து முறையாக அளவொப்பீடு செய்த தாள் வேண்டும், அதுவும் ஐந்து வருஷத்துக்குள் எடுத்ததாக. அந்த வசதி நம்மிடம் இல்லை. ஆனால் மலை இருக்கிறது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பைக்கில் ஏறினோம். பையன் ஓட்ட, நான் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு வளைவிலும் எண் ஏறியது, இறங்கும்போது அதே வளைவில் கிட்டத்தட்ட அதே எண்ணுக்கு வந்தது. தொங்கி நிற்கவும் இல்லை, படி படியாகக் குதிக்கவும் இல்லை. அதற்கு மேல் அந்தச் சோதனைக்கு மதிப்புக் கிடையாது, ஆனால் உணரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது.

கடைசியாகத்தான் உள் பேட்டரி. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற சின்ன லித்தியம் செல். முதன்மைக் கரண்ட் இல்லாதபோது அந்த ரகசியச் சாவியைக் காத்து வைப்பது அதுதான். இந்தப் பெட்டியின் நிலைப் பக்கத்தில் 2.6 வோல்ட் என்று வந்தது. புதுசில் மூன்றுக்கு மேல் இருக்கும். கடையில் அந்த செல் ஐம்பது ரூபாய். கை பரபரத்தது. நாலு திருகைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை. திருப்புளியை முதல் திருகின் மேல் வைத்த பிறகு எடுத்துவிட்டேன்.

மூடிக்கு அடியில் ஒரு நுண் சுவிட்ச் இருக்கிறது. மூடி கொஞ்சம் விலகினாலே சாவியை அழித்துவிடும். உள்ளே புகுந்து வேறு பாதையை எழுதிவிடக்கூடாது என்பதற்கான காவல் அது. நல்ல எண்ணத்தோடு செல் மாற்ற வந்தவனையும் அது திருடனாகத்தான் பார்க்கும். சாவி போன பிறகு கருவி எழுதும், பாதை வரும், கையெழுத்து மட்டும் செல்லாது. சேலையில் ஒட்டும் சில்க் மார்க் சீட்டைப் பிய்த்துவிட்டால் பட்டு பட்டுதான், ஆனால் கடையில் யார் நம்புவார்? மறுபடி சாவி போட, கருவியைச் செய்த கம்பெனி அல்லது அவர்கள் அனுமதித்த பட்டறையால்தான் முடியும். அந்தக் கம்பெனி இன்றும் நடந்தால் அனுப்பி, செல் மாற்றி, தேதிக் கணக்கைத் திருத்திய புது மென்பொருள் ஏற்றி, அளவொப்பீடும் செய்து வாங்கலாம். நடக்கவில்லை என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று.

அப்படியானால் எப்போது மாற்றுவது? என் கணக்கு இது. பேட்டரி, ஒயர், ஆன்டெனா, ஃபியூஸ் ஆகியவை வெளியே இருக்கிற சமாசாரம். எத்தனை வயதானாலும் மாற்றி ஓட்டலாம். தேதியும் சாவியும் உள்ளே இருக்கிற சமாசாரம். அந்த இரண்டில் ஒன்று போய், திருத்திக் கொடுக்க ஆளும் இல்லை என்றால் சாட்சிக் கூண்டிலிருந்து அதை இறக்கிவிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: பாதுகாப்பு முறை பழசாகிவிட்டது என்று சர்வதேச கிளைடர் ஆணையம் பழைய கருவிகளின் தகுதியைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் உலக சாதனைக்கே ஏற்றது இன்று பதக்கத்துக்கு மட்டும் என்று ஆகியிருக்கலாம். வாங்கும்போதும் பறக்கும் முன்பும் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புதுசு வாங்கப் பெரிய கருவிதான் வேண்டும் என்றில்லை. 2004-லிருந்து வந்த ஃபிளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவிகள் பலவற்றில் அங்கீகாரம் பெற்ற பதிவு வசதியும் சேர்ந்தே இருக்கிறது. ஏற்கெனவே கிளைடரில் இருப்பதைக் கவனிக்காமலே இன்னொன்றுக்குக் காசு போடுகிறார்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும், தேசிய அமைப்பு ஒப்புக்கொண்டால், எளிய இடப்பதிவுக் கருவியே போதும். அந்தப் பையனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: செய்தவன் இன்னும் மென்பொருள் கொடுத்துக்கொண்டிருக்கிறானா, செல் போனால் யாரிடம் அனுப்புவது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வராத கருவியை எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வாங்காதே. வாங்கிய பிறகு முதல் மூன்று பறப்புக்குப் பழசையும் கூடவே ஓட்டி, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்.

பழையதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இடமும் நேரமும் இன்னும் சரியாகத்தான் சொல்கிறது. திரையில் வரைபடம் காட்டும் கருவிக்கு அது ஜிபிஎஸ் கொடுக்கலாம். பழகுகிறவர்கள் தங்கள் வட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ள உதவும். அதனால் அதை மன்றத்துக்கே திருப்பி எடுத்துப் போவதாக முடிவானது. ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் கடைக்கு வந்தான். வெள்ளை டேப் ஒன்றை வெட்டி, பெட்டியின் முகத்தில் ஒட்டி, மார்க்கர் பேனாவால் அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுதினான். அண்ணன் என்னவென்று கேட்டார். படித்துச் சொன்னான்: “தேதி தப்பு, 1024 வாரம் கூட்டவும். திறக்காதீர்கள்.”

அண்ணன் டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டார். அதன் பிறகுதான் பையன் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.